திரைக்குப் பின்னால் ஒளிய மறுத்த தேவராஜ் அண்ணன்

சென்ற திங்களன்று காலை நான் செய்த முதல் வேலை, சிவப்பு ஸ்பாஞ்சு உருண்டைகளைக் கத்தரித்துக் கோமாளி மூக்குகள் செய்தது. எர்ணாவூரில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் வரும் வெள்ளியன்று கோமாளி விழா. பாதி மூக்குகள் முடிவதற்குள் தேவராஜ் அண்ணனின் மனைவி போனில் அழைத்தார். "டீச்சர், அவுரு பூட்டாரு. காத்தால எய்ப்பினேன், எய்ந்துக்கவே இல்ல."

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவர் அவர். ஆண்டுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்து எங்களுக்குக் கோமாளியாவார். இங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேடத்தோடு அவர் உள்ளே வரமாட்டார். வெறும் முகத்தோடு வந்து, பிள்ளைகள் நடுவே பாயில் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கச் சாயம் பூசுவார். கண்ணாடி பிடிக்க, அன்று எந்தப் பிள்ளை அதிகம் மிரண்டு நிற்கிறதோ அதைத்தான் கூப்பிடுவார். "ஆட்டாம புடிம்மா. வாயி காதாண்ட பூடும்."

ஒருமுறை அந்த வழக்கம் தவறியது. அந்த ஆண்டு விடுப்பு கிடைக்கவில்லை. எண்ணூர் சாலையில் லாரி வரிசை மணிக்கணக்கில் நகராததால், ஓட்டுநர் இருக்கையிலேயே வேடம் போட்டு, லாரியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் வகுப்பே அலறியது. அப்படியே திரும்பிக் குழாயடிக்குப் போனார். தேங்காய் எண்ணெய் தேய்த்து முழுச் சாயத்தையும் துடைத்துவிட்டு வந்தார். "நான்தான்டா. பாரு, அதே தொப்ப." பிறகு முதலிலிருந்து பூசினார்.

"பூசறத பாத்தாத்தான் டீச்சர் உள்ள ஒரு மனுசன் கீறான்னு அதுங்களுக்குத் தெரியும்" என்றார் அன்று.

இந்த ஆண்டுத் திட்டம் புதிய தாளாளருடையது. திரைக்குப் பின்னால் கோமாளி ஒளிந்திருந்து, பாட்டு அதிரும்போது பாய்ந்து வர வேண்டும். பிள்ளைகள் அலறுவது வீடியோவில் நன்றாக வருமாம். விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் அண்ணன் எழுந்தார். "மூணு வயசுப் புள்ளைங்க சார். அலற வுட்டு என்னா சிரிப்பு?"

"அதாண்ணே த்ரில்லு" என்றார் தாளாளர்.

"அப்ப நான் வரல சார்."

மறுநாளே ரப்பர் முகமூடிக்காரர் ஒருவரைப் பேசி முடித்தார்கள். அதைத் தெரிவிக்கும் வேலை எனக்கு. "இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றேன். ரெஸ்ட்! அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் என்னை அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "செரி டீச்சர். சின்னதுங்கள முன்னாடி குந்த வெக்காதீங்க."

இப்போது மேடைக்கு பேனர் தயாராகிவிட்டது. அவர் படம், கீழே 'எங்கள் அன்புக் கோமாளிக்கு அர்ப்பணம்'. பேனருக்குக் கீழே மேடையில் அதே திரை, அதே முகமூடி. உயிரோடு இருந்தவரை வேண்டாம் என்றவர்களுக்கு அவர் படம் மட்டும் வேண்டியிருக்கிறது. கேட்டால், "செத்தவருக்கு மரியாதைதானே டீச்சர்?" என்கிறார் தாளாளர். அவர் மேல் எனக்கு ஆத்திரம். அந்தக் கூட்டத்தில் அண்ணன் தனியாக நின்று பேசியபோது, வாயைத் திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்த என் மேல் அதைவிட.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி அந்த டிபன் டப்பாவை என்னிடம் கொடுத்தார். சாயம், கண்ணாடி, சிறு எண்ணெய்ப் புட்டி. எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை, எல்லாரும் வருவதற்கு முன் அந்தத் திரையைக் கழற்றிவிடுவேன். பாயை விரித்து, பிள்ளைகள் நடுவே வெறும் முகத்தோடு உட்காருவேன். கண்ணாடி பிடிக்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.