பிரார்த்தனை முடியட்டும்

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் கறுப்புக் குடையும் துணிப்பையுமாகத் தெருவில் இறங்கினால், படுத்துக் கிடப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். "சும்மா காய்ச்சல்தானுங்க உபதேசியாரே, நாளைக்கே ஏரு பூட்டிருவேன்" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். பாவம், அவர் பெரும்பாலும் வெல்லம் வாங்கத்தான் கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாற்பது வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள், எல்லாரும் நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிறவர்கள். பங்குச் சாமியார் இருப்பது ஒன்பது மைல் தள்ளி. மாதத்துக்கு இரண்டு தடவை பூசை வைக்க வருவார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை செபம், ஞானோபதேசம், சாவு எல்லாம் உபதேசியார் பாடு. நான் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' போடச் சொல்லித் தருவது மிக்கேலம்மா டீச்சர், கடைசி மூச்சுக்கு வழி சொல்வது அவர் புருஷன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சாகக் கிடக்கிறவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், அறையைக் காலி செய்வது. பெண்டாட்டி, பிள்ளை, அக்கா, தங்கை, யார் அழுதாலும் வெளியே. செபத்துக்குப் பதில் சொல்வதற்கு வயதானவர் ஒருவர் மட்டும் உள்ளே இருக்கலாம். ஆத்துமம் கிளம்புகிற நேரத்தில் பந்தபாசம் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது, கண் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவர் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளையாகவே வைத்திருந்தார். குறை சொல்லக்கூடாது, உள்ளே அவர் கை மெத்தென்று இருக்கும். உதட்டை ஈரத்துணியால் நனைப்பார், தலையணையைச் சரிசெய்வார், பயப்படுகிறவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே செபம் சொல்வார். எத்தனையோ பேர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அமைதியாகப் போயிருக்கிறார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் பிலவேந்திரனுக்கு முறை வந்தது. வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். நல்ல உழைப்பாளி, பொல்லாத பிடிவாதக்காரர். ஒரே மகள் லூர்து மேரி, பாப்பாரப்பட்டி மாரியப்பனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் பஸ் கண்டக்டர், இந்து. கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை என்று அவளுக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிலவேந்திரனோ எனக்கு மகளே இல்லை என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டார். ஆறு வருஷம் அப்படியே இருந்தார். கட்டி வந்த பிறகுதான் மனசு இளகியது. பெண்டாட்டி மதலேனம்மாளிடம், "மேரியப் பாக்கணும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அவள் அன்றைக்கே ஆள் அனுப்பினாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாமியார் அந்த வாரமே வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிலவேந்திரன் ஆத்துமத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை. மகளைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அவள் வந்து சேர்ந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். உள்ளே மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்து, என் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றிப் பிரார்த்தனையைத் தொடங்கியிருந்தார். மதலேனம்மாளையே அடுப்படிக்கு அனுப்பியாயிற்று. நான் வாசலில் காவல் மாதிரி நின்றிருந்தேன். மேரி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாள், முந்தானையெல்லாம் புழுதி. பொட்டை அழித்துவிட்டு வந்திருந்தாள். வெயில் படாத அந்த இடம் மட்டும் நெற்றியில் வெளுத்துத் தெரிந்தது.

"அப்பா இருக்காரா டீச்சர்?"

"இருக்காரு கண்ணு. உள்ள செபம் நடக்குது. இரு, பிரார்த்தனை முடியட்டும்."

சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இப்போது விடாதே என்று அர்த்தம்.

சகல அர்ச்சியசிஷ்டவர்கள் பிரார்த்தனை சின்னதல்ல. அவர் ஒவ்வொரு புனிதர் பெயராகச் சொல்ல, உள்ளே இருந்த பெரியவர், "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் பிலவேந்திரனின் குரல், தேய்ந்துபோய், ஆனால் தெளிவாகக் கேட்டது.

"மேரி வந்துச்சா?"

"வந்துரும் பிலவேந்திரா. நீ சேசு மரி சூசைன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மேரி வந்துச்சா?" அவரும் மறுபடியும் அதையே சொன்னார். அவள் நாலு முழம் தள்ளி நிற்கிறாள் என்று தெரிந்தே சொன்னார். மேரி தலை குனிந்து நின்றாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பிரார்த்தனை முடிவதற்கு முன்பே பிலவேந்திரன் போய்விட்டார். புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த இவர் அதைக் கவனிக்கவே இல்லை. பதில் சொன்ன பெரியவர்தான் தோளைத் தொட்டுக் காட்டினாராம். அப்படியும் மிச்சத்தை வாசித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"நல்ல மரணம்மா" என்றார் அவளிடம்.

அவள் அழவில்லை. "என்னையக் கேட்டாருங்களா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் சேசுநாதர் நெனப்புதான். இந்த ஒலகத்து நெனப்பே இல்ல. அப்படிப் போறது பாக்கியம்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "நான் சொன்னது அந்தப் பொண்ணுக்கு ஆறுதலாத்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வாட்டி கேட்டாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அதுதாங்க ஆறுதல். வாசல் வரைக்கும் எனக்கே கேட்டுச்சு."

"அவளுக்கு?"

"கேட்டிருக்காது."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு மனிதர் மாறித்தான் போனார். சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்ததும், "யாரப் பாக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. செபமெல்லாம் அப்புறம். யார் பெயரைச் சொன்னாலும் குடையை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிடுவார். கோர்ட்டில் வழக்காடுகிற பங்காளியைக் கூட்டி வந்தார். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைக் கூட்டி வந்தார். சாகக் கிடந்த சவரியின் அண்ணன், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பதினோரு வருஷமாக வத்தல்மலையில் கூலிவேலை செய்துகொண்டிருந்தான். மலை ஏறிப் போய் அவனையும் இழுத்து வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் தம்பியின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். சாவுக்கு ஆள் சேர்க்கிற உபதேசியார் என்று ஊரில் பேர் வைத்தார்கள். அறையில் கூட்டம் சேர்க்கிறார் என்று சாமியாருக்கு வருத்தம்.

இத்தனை பேரைத் தேடிப் போனவர் பாப்பாரப்பட்டிக்கு மட்டும் போகவில்லை. நானும் அதைச் சொல்லிக்காட்டாமல் விடவில்லை. சண்டை வந்தால் போதும், மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் ஆரம்பித்தால்கூட, "மொதல்ல போய் மேரிகிட்ட உண்மையச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் உப்பப் பாக்கலாம்" என்பேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாக ஒருமுறை முணுமுணுத்தார். "பொய் சொன்னது சாமியார்கிட்டயா?" என்று கேட்டேன். எட்டு வருஷம் அந்த ஒரு குச்சியை வைத்தே அவரை அடித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

எழுபத்தைந்தில் மேரியே ஆள் அனுப்பினாள். மாமியார் நஞ்சம்மாள் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறார், ரொம்பப் பயப்படுகிறார், உபதேசியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தேவலை என்று. இவர் உடனே சட்டையை மாற்றிக்கொண்டார். "நீயும் வா" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

நஞ்சம்மாள் கட்டிலைச் சுற்றி வீடு முழுவதும் கூடியிருந்தது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. சுரூபத்தைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரப் பாக்கணும் ஆத்தா?" என்றார்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க சாமி. தனியாப் போவணுமேன்னுதான் பயமா இருக்குது."

"வாசல் வரைக்கும் நாங்கல்லாம் கூட வர்றோம். மேரி பக்கத்துலயே இருக்கும்."

கிழவி கொஞ்சம் கண்ணயர்ந்தார். மேரி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வெளித் தாழ்வாரத்தில் வைத்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. இவர் டம்ளரைத் தொடவில்லை.

"மேரி, உங்கப்பா உன்னக் கேட்டாரும்மா. ரெண்டு வாட்டி கேட்டாரு. நீ வாசல்ல நிக்கிறது தெரிஞ்சுக்கிட்டே, வந்துரும்னு சொல்லி ஏமாத்திட்டேன். அப்புறம் உங்கிட்டயும் பொய் சொன்னேன்." அறுபது வயசு மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

"தெரியுமுங்க ஐயா" என்றாள் அவள். "எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐயா உள்ள இருந்தாரு, செபத்துல இருந்தாரு. நீங்க எம்பக்கத்துல இருந்தீங்க டீச்சர். ஒவ்வொரு வாட்டி அப்பா கேட்டப்பவும் எங்கைய இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சீங்க. அப்பதான் உங்களுக்கும் கேட்டுச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க விடுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"நீ உதறிட்டு ஓடியிருக்கலாமே கண்ணு" என்றேன். கேட்டிருக்கக்கூடாது.

"டீச்சர் கைய எப்படிங்க ஒதறுறது?"

எட்டு வருஷமாக அவருடைய பாவத்தை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட, "கையைப் பிடித்தது நீதானே" என்று என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து நஞ்சம்மாள், "மேரி" என்று கூப்பிட்டார். அவள் எங்களைத் தாண்டி ஓடினாள்.