சாம்சனின் வலது பாதம்

நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பம் சாம்சனுடையது. சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக லைசென்ஸ் வாங்கி வண்டி ஓட்டப் போனவர் அவர்தான். பாண்டுரங்கன் என்பவருடைய வேனில், உத்திரமேரூரில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்குப் பதினோரு வருடமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தொன்று.

பதினான்கு வருடமாக அவருக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் புடைத்து, விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஸ்டியரிங்கை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பப் பழகிக்கொண்டார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை போடும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் மூட்டு வலி அடங்கிப்போனது. வியாதி போய்விட்டது என்று மாத்திரையை விட்டுவிட்டார். பீடியை விடவில்லை.

போன கார்த்திகையில் கை நகங்களின் ஓரத்தில் முள் முனை மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கிரீஸ் கறை என்று நினைத்துத் தேய்த்தார், போகவில்லை. வலது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. செருப்பு கடித்ததாக இருக்கும் என்று ஊரிலிருந்த கிளினிக்கில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புண் ஆறாமல் அகலமானது. உடம்பு இளைத்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. பிறகு உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பித்தது. மனைவி பரிமளா கேட்டபோதெல்லாம், "ஒண்ணுமில்லமே, வேலை ஜாஸ்தி" என்று சமாளித்தார். சொன்னால் வேனை வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை. வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள மலர்க்கொடி. ஒரு பக்கம் கரை தொட்டுத் தளும்பும் ஏரி, மறு பக்கம் ஓராள் ஆழத்தில் நெல் வயல். அந்தக் கரைமேல் வண்டி போய்க்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதையை அடைத்து நிற்பது தெரிந்தது.

சாம்சன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கால் வந்தது, பாதம் வரவில்லை. தொங்கிப்போன பாதத்தின் முனை பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார். முட்டிதான் அசைந்தது. பாதம் யாருடையதோ போல அங்கேயே கிடந்தது.

இடது கால் கிளட்சை மிதித்தது. கியரை இரண்டுக்கு இறக்கினார். எஞ்சின் அலறிக்கொண்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தது. கோணல் விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டிக் கைபிரேக்கை மேலே இழுத்தார். பின்பக்கம் ஒருமுறை ஏரியை நோக்கி ஒதுங்கியது. முன்சீட்டில் ஒரு குழந்தை அழுதது. கரும்புத் தோகை கண்ணாடியை உரசும் தூரத்தில் வண்டி நின்றது.

"இன்னாண்ணா, இன்னா ஆச்சி?" மலர்க்கொடி சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கால் மாட்டிக்கிச்சி."

குனிந்து இரண்டு கையாலும் பாதத்தை வெளியே எடுத்தார். மிதித்துப் பார்த்தார், மிதிக்க முடிந்தது. தூக்கத்தான் முடியவில்லை. பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். டிராக்டர் மெதுவாக நகர்ந்து வழி விட்டது.

"பரிட்சை கீதுண்ணா. மொள்ள ஓட்டிக்கினு போயிடலாமா?"

சாம்சன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாவியைத் திருப்பி எடுத்து அவளிடம் நீட்டினார். "நான் கேட்டாலும் குடுக்காத. மொதலாளிக்கு போன் போடு."

பாண்டுரங்கன் வேறு டிரைவரோடு வந்து சேர்ந்தார். கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்துவிட்டு, "இத்த வச்சிக்கினா புள்ளைங்கள ஏத்திக்கினு வந்த?" என்று கேட்டார். சாம்சன் கட்டை மறுபடி சுற்றிக்கொண்டார். முதலாளியே தன் காரில் அவரையும் பரிமளாவையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கீதா புண்ணைவிட அதிக நேரம் பார்த்தது சாம்சனுடைய விரல்களைத்தான். மூட்டு எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது, மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டுக்கொண்டார்.

"வலியே இல்லையேம்மா. அதான் வுட்டுட்டேன்."

"அந்த வாதம் மூட்டுகளை விட்டுட்டு ரத்தக் குழாய்க்குப் போயிருக்கு. குழாய் சுவர் வீங்கி உள்ளே அடைபடுது. நரம்புக்குப் போற ரத்தம் நின்னதால பாதம் தொங்கிடுச்சு. நகத்துல இருக்கிறதும் கறை இல்ல, ரத்தம் போகாம செத்த தோல்." கொஞ்சம் நிறுத்தினார். "இது குடலுக்கும் போகலாம், இதயத்துக்கும் போகலாம். வயித்துல வலி வந்தா அடக்கி வைக்காதீங்க. உடனே சொல்லணும்."

அன்றே வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டை ரத்தக் குழாய் வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் மதியம், கஞ்சி குடித்த சற்று நேரத்தில் சாம்சன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிச் சுருண்டு படுத்தார். பரிமளா தோளைத் தொட்டாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"வயிறா?"

"கஞ்சி ஒத்துக்கல. செத்த நேரத்துல சரியாயிடும்."

"இன்னும் எத்தினி நாளு மறைப்ப நீ?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்கவில்லை. நர்ஸை நோக்கி ஓடினாள்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் வந்து நின்றார். குடல் ஓட்டையாகியிருந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிப் பரிமளாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். காலேஜிலிருந்து வந்து சேர்ந்த மகள் ஷாரோன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஜெபிக்கக்கூடத் தோன்றாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து கீதா வெளியே வந்தார். குடலுக்குப் போகும் குழாய் வீங்கியிருக்கிறது, ஆனால் குடல் உயிரோடு இருக்கிறது; இனி ஒரு நாளும் காத்திருக்க முடியாது என்றார். ஸ்டீராய்டைவிடக் கடுமையான மருந்தை அன்று சாயங்காலமே ஏற்றினார்கள். இரண்டு நாள் சாம்சனுக்கு வாயில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வயிறு இளகியது. ஐந்தாம் நாள் டீ கேட்டார்.

வலது கைச் சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, கறுத்துப்போனதை எடுத்தார்கள். காலில் இருந்த புண் ஆற நான்கு மாதம் ஆனது. அந்த மருந்தை மொத்தம் ஆறு தடவை ஏற்றினார்கள். பாதம் பாதிதான் எழும்பியது. அதைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். பீடியை ஆஸ்பத்திரியிலேயே விட்டாயிற்று. பாண்டுரங்கன் தன் ஷெட்டில் காலையில் வேன்கள் கிளம்பும் முன் டயர், ஆயில், பிரேக் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்.

ஏழாவது மாதம் செக்கப்புக்குப் போனபோது சாம்சன் டாக்டரின் அறைக்குத் தனியாகப் போனார். வெளியே வந்தவரிடம் பரிமளா, "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஸ்டீராய்டு மாத்திரைய கொறச்சிட்டாங்க."

டவுன் பஸ் ஏறினார்கள். சாலவாக்கத்தில் இறங்கி நடக்கும்போதுதான், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே வண்டி ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க."

"தெரியும்," என்றாள் பரிமளா. "போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நீயா டாக்டராண்ட கேக்குற வரைக்கும் சொல்ல வாணான்னு இருந்தேன்."

சாம்சன் நின்றார். அவள் மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் நடக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.