காற்றில் கியர் போட்டவர்

மறுநாள் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, எஸ்டேட் மண்பாதைகளிலேயே மாட்டுப்பட்டி வரை சைக்கிளில் போகத் திட்டம். மூணாறு ஜீப் ஸ்டாண்டில் வழி விசாரித்தேன். காதோடு மப்ளர் சுற்றியிருந்த ஒரு டிரைவர் என் போனிலிருந்த மேப்பைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் காற்றில் கியர் போட்டபடியே பாதையைச் சொன்னார். கை செகண்டுக்கு வந்தால் ஏற்றம், ஃபர்ஸ்டுக்கு வந்தால் கடும் ஏற்றம் என்று நான் குறித்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்த முழங்காலோடு கிளம்புகிறவனுக்கு அதுதானே தெரிய வேண்டும்?

ஓரிடத்தில் கியர் போடும் கை நின்றது. வலது கை, இல்லாத சாவியைத் திருகி அணைத்தது.

"இங்க ரெண்டு நிமிசம் வண்டிய ஆஃப் பண்ணிருவேன் சார்."

"எஞ்சின் சூடாயிருமா?"

"அதெல்லாம் இல்ல. ஆத்துச் சத்தம் கேக்கணும்லா?"

மறுநாள் பாதை அவர் கை சொன்னபடியேதான் இருந்தது. முழங்காலும் மானத்தைக் காப்பாற்றியது. சைக்கிளுக்கு ஏது எஞ்சின்? ஆற்றுச் சத்தம் வழிநெடுகக் கேட்டுக்கொண்டேதான் வந்தது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் இறங்கி நின்றேன். எனக்குக் காலை முழுதும் கூடவே வந்த சத்தத்தைக் கேட்க, அவர் வண்டியையே நிறுத்த வேண்டியிருக்கிறது.