இறந்தவர்களுக்குப் பிடித்த சாப்பாடு

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை, காலை எட்டே கால். தூறல். மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. எங்கள் பள்ளிச் சமையல் கொட்டகையில் அடுப்பு மூன்று, அண்டா இரண்டு, சமையல்காரர் பூஜ்யம்.

அன்பான இறைமக்களே, நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். இறந்தோரை நினைக்கும் நவம்பரில், எங்கள் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் இறந்தவர்கள் பெயரால் முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் மதிய உணவு கொடுப்பார்கள். அங்கே அறுபத்து நான்கு பேர். அன்று அவர்கள் உலை வைப்பதில்லை, எங்களை நம்பியிருப்பார்கள். பொறுப்பு என்னுடையது.

சமையல் மாஸ்டர் குமார் போனில் வந்தார்.

"சார், நாளைக்குக் கோயில்ல தீபத் திருவிழாக் கொடியேத்தம். அன்னதானத்துக்கு என்னை வண்டியில ஏத்திட்டாங்க. நான் வர்ல."

"அறுபத்து நாலு பேருய்யா!"

"இங்க ஆறாயிரம் பேரு சார்."

வேறு ஒன்பது மாஸ்டர்களைக் கூப்பிட்டேன். ஒன்பது பேரும் அன்னதானத்தில் இருந்தார்கள். ஹோட்டல்களிலோ பக்தர் கூட்டம். தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தா, "பிள்ளைங்க அரிசி கொண்டு வருவாங்க சார், நானே பொங்கிடுறேன்" என்றார். சிஸ்டர் பொங்கியதை நான் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். நேராகச் சிற்றாலயத்துக்குப் போய் முழந்தாளிட்டேன்.

"ஆண்டவரே, அறுபத்து நான்கு பேர் பசியோடு உட்காரப் போகிறார்கள். ஒரு சமையல்காரரை அனுப்பும்." ஜெபமாலையில் மூன்றாவது பத்தில் பத்துக்குப் பதில் பதினோரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டேன். அவ்வளவு பதற்றம்.

வெளியே வந்தால் மீன் வாசனை.

அடி அண்ணாமலையிலிருந்து வரும் செல்வி, மகளோடு தூக்குவாளியுடன் நின்றார். உள்ளே கருவாட்டுக் குழம்பு, சுடச்சுட.

"என்னம்மா இது? அரிசி, பருப்பு எங்கே?"

"இன்னா சார், செத்தவங்க பேர்ல குடுக்கணும்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க? எங்க மாமனாருக்கு இதான் உசுரு. அரிசிய அப்டியேவா படைப்பாங்க?"

அரிசி என்று நான் மைக்கில் சொல்லவில்லை. உங்களால் முடிந்ததைக் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். பின்னாலேயே வந்தன: களி, வடை, கீரை மசியல், முட்டைக் குழம்பு, குண்டான் குண்டானாகச் சோறு. ஒரு பையன் பீடிக்கட்டு கொண்டு வந்தான். "தாத்தாவுக்கு இது மட்டும்தான் சார் புடிக்கும்." சிஸ்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

சமையல்காரரைக் கேட்டேன். ஆண்டவர் எழுபத்தோரு வீட்டுச் சமையலறைகளை அனுப்பினார்.

ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தோம். முடிந்ததும் செல்வி கேட்டார்: "உங்க வூட்டம்மாவுக்கு இன்னா சார் புடிக்கும்?"

என் மனைவி ரெஜினா போய் நான்கு வருடம். அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

"ஜாங்கிரி" என்றேன்.

"அப்போ வாங்கினு வாங்க. அந்தம்மா மட்டும் வெறுங்கையா நிக்கணுமா?"

தேரடி வீதிக்கு ஓடினேன். பன்னிரண்டரைக்கு இல்லத்தில் இலை போட்டோம். ஜாங்கிரியைக் கையில் வாங்கிய ஒரு பாட்டி, "இது யாரு பேர்ல?" என்றார்.

"ரெஜினா."

"மகராசி, நல்லா இருக்கட்டும். இன்னொண்ணு குடு."

எனக்கென்று தனியாக வைத்திருந்த அறுபத்தைந்தாவதைக் கொடுத்தேன். அவர் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். நான்கு வருடத்தில் அன்றுதான் அவள் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். இப்போது மாதம் ஒருமுறை அங்கே போகிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் நெருக்கடியிலும் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். அரிசியாகத் தருவதா, குழம்பாகத் தருவதா என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். அவருக்கு நன்றி.

ஜாங்கிரி ஒன்று பதினெட்டு ரூபாய். பேரம் பேசவில்லை. மொத்தம் ஆயிரத்து நூற்று எழுபது.