கையெழுத்து வாங்கும் நயினார்

முதல் நடை போய்த் திரும்பாத பேருந்தின் பக்கம் ஆதிராஜ் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஓட்டுநர் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, வந்தவாசி வரை போய்வந்து, இறங்கி டீ குடித்து முடிக்கும்வரை தூணோரம் நிற்பார். பிறகுதான் கக்கத்திலிருந்து ஃபைல் வெளியே வரும். "போணி ஆவறதுக்கு முன்ன ஆஸ்பத்திரி காகிதத்த நீட்டக் கூடாதுப்பா. அவன் நாள் பூரா அதையே நெனச்சிக்கினு வண்டி ஓட்டுவான்" என்பார்.

அவர் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் குமாஸ்தா. கம்பெனி தன் செலவில் தொழிலாளிக்கு மட்டும் மருத்துவக் காப்பீடு போட்டிருக்கிறது. மனைவி மக்களையும் பெற்றோரையும் சேர்க்க வேண்டுமென்றால் அது கூடுதல் காப்பீடு. விருப்பப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். வருஷத்தில் ஒரு மாதம்தான் அதற்கு அவகாசம். விருப்பப்பட்டவர்கள் என்று காகிதம் சொல்கிறது. ஆதிராஜ் விட்டால்தானே! பணிமனையில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கின் காலைத் தட்டி, "பொண்ணு பொறந்த தேதி சொல்லு" என்று கேட்கிற மனிதர்.

வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து, முழங்கால் தேய்ந்ததும் முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சமணக் குடும்பம், அதனால் எல்லோருக்கும் அவர் நயினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது வீட்டுப் பழக்கம். ஆகவே ஐந்து மணிக்கு மேல் அவரைக் கேள்வி கேட்டு நிறுத்துவது புத்திசாலித்தனமல்ல. பையே இல்லாத தோளை இன்றும் ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடக்கிறார்.

இவ்வளவு அலைந்தாலும் இந்தக் காகிதத்தின்மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. மனசெல்லாம் பழைய துண்டில் கிடக்கிறது. அந்தக் காலத்தில் கம்பெனியில் யாராவது படுத்துவிட்டால் மற்ற வண்டிகளின் கண்டக்டர்கள் பயணிகளிடம் துண்டேந்துவார்கள். ஓட்டுநர் சுப்பனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ஆதிராஜ் துண்டோடு சீட்டு சீட்டாகப் போனார். "நம்ம சுப்பனுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுருக்குப் பையை அவிழ்த்தவர்கள் எத்தனை பேர்! சேத்துப்பட்டு சந்தைக்குப் போன ஒரு பெண், கூடையில் இருந்த கத்தரிக்காயில் பாதியைத் துண்டில் கொட்டினாள். "எங்கிட்ட காசு கம்மி. இத்த அவன் பொண்டாட்டிகிட்ட குடு" என்றாள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இளகிவிடும். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், யார் மகளுக்குத் தலைப்பிரசவம் என்பதெல்லாம் கண்டக்டருக்குத் தெரிந்திருந்த காலம் அது. கேட்பவர்களுக்கும் அந்தக் காலம் திரும்ப வராதா என்று ஏக்கமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக்கூட கத்தரிக்காய்க் கதை மனப்பாடம்.

போன பௌர்ணமியன்று சாயங்காலம் ஐந்து மணியோடு அவகாசம் முடிந்தது. படிவத்தைப் போட்டோ எடுத்து அதற்குள் ஆபீசுக்கு அனுப்பிவிட வேண்டும். எழுதாமல் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ஓட்டுநர் தருமனுடையது. அவன் அம்மா உண்ணாமலைக்கு அடுத்த மாதம் அறுபத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே திண்டிவனம் சாலையில் நிறுத்தியிருந்தார்கள். மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்த ஜனத்துக்கு எதிராக, நொண்டி நொண்டி அத்தனை தூரமும் நடந்துபோனார் ஆதிராஜ். போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வண்டி நிறைந்துகொண்டிருந்தது.

"மூணு வருஷமா சொல்றேன் நயினாரே. எங்கம்மா நல்லா இருக்காங்க. அவங்க பேர்ல நோவுக்குக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரல" என்றான் தருமன்.

"இந்த வருஷத்தோட சரி, தருமா. அப்புறம் நீ கெஞ்சினாலும் சேத்துக்க மாட்டாங்க."

"போனா போவுதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம பசங்க சும்மா இருப்பாங்களா? நீங்கதான சொல்வீங்க, துண்டு, கத்தரிக்கா எல்லாம்."

ஆதிராஜுக்குச் சுருக்கென்றது. திரும்பி வண்டிக்குள் பார்த்தார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த முகங்கள்; காதில் மாட்டிய ஒயர்கள். ஓட்டுநர் பேர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர் எஞ்சின் மூடியின்மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கதையில பாதிதாம்பா சொல்லி இருக்கேன். பதிமூணு வருஷத்துக்கு முன்ன இந்த ஃபாரம் மொத மொதல்ல வந்தப்ப, துண்டு இருக்கறப்ப இது எதுக்குன்னு கிழிச்சுப் போட்டவன் நான். ஆறு மாசத்துல எங்கூட்டம்மாவுக்கு வயித்துல கட்டின்னாங்க. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணணும்னாங்க. பசங்க துண்டு எடுக்கறோம்னு வந்து நின்னாங்க. நாந்தான் வாணாம்னுட்டேன். ஊருக்கெல்லாம் நீட்டுன துண்டு, எம் பொண்டாட்டி த்ரிசலாவுக்குன்னு நீட்ட வெக்கமாயிடுச்சு. நெலத்த வித்துட்டுப் போலாம்னு ரெண்டு மாசம் தள்ளிப் போட்டேன். அது ஜாஸ்தி ஆயிடுச்சு தருமா. நான் பணத்தோட போனப்ப டாக்டரு கைய விரிச்சிட்டாரு."

பின்னால் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். தருமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "எழுதுங்க" என்றான்.

ஆதிராஜ் மடியில் ஃபைலை வைத்து எழுதத் தொடங்கினார். தொழிலாளி பெயர், எண், தேதி. சேர்க்கப்படுபவர் பெயர் என்ற இடத்துக்கு வந்தார். உருண்டை உருண்டையான தன் கையெழுத்தில் எழுதி முடித்த பிறகுதான் பார்த்தார். த்ரிசலா என்று எழுதியிருந்தது.

வேறு படிவம் கையில் இல்லை. "அடிச்சிட்டு... பக்கத்துல நீ சின்னதா கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்க" என்றார். சொன்னாரே தவிர, பேனா அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது. மணி ஐந்துக்குப் பத்து.

தருமன் அவர் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்துக்கொண்டான். கீழே இருந்த இடத்தில் உண்ணாமலை என்று தன் கையாலேயே எழுதினான். பிறகு மேலே இருந்த பெயரின்மீது, எழுத்து ஒன்றுகூட மறைந்துவிடாதபடி மெல்லிசாக ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.