பூசணிக்காயில் ஒரு நேர்வழி

பஸ் ஏறினால் முத்துக்கருப்பனுக்கு டிரைவருக்குப் பின்சீட்டுதான் வேண்டும். வளைவு வந்தால் இவருடைய வலதுகால் பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும். பஸ் நேர்ரோட்டை விட்டு ஏதாவது ஊருக்குள் புகுந்ததோ, போச்சு! "ரோடு நேரா கெடக்கு, ஊரச் சுத்துறான் பாருங்க" என்று தூங்குகிற ஆளையும் எழுப்பிச் சொல்வார். கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறவர் இவர். மலையில் அத்தனை கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே என்று கேட்டால், "அது மலை செஞ்ச தப்பு" என்பார்.

இப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் பூமாரி, நர்ஸ் வேலைக்காக டெல்லியில் விமானம் ஏறிக் கனடாவுக்குப் புறப்பட்டாள். விமானம் போகும் வழி அப்பாவின் செல்போனில் தெரிய ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாள். அதுதான் வினையாயிற்று. சுவரிலிருந்த உலகப் படத்தில் டெல்லிக்கும் டொரண்டோவுக்கும் இவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். விமானமோ கோட்டைச் சட்டை செய்யாமல் வடக்கே ஏறிக்கொண்டே போனது.

"ஏ அக்கம்மா, வழி தப்பிட்டான்! பிள்ளைய ஐஸுக்குள்ள கொண்டு போறான்!"

"ஓட்டுறவுக தெரியாமயா ஓட்டுவாக?" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகத்திலும் ரத்தமில்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துவீட்டு பாண்டீஸ்வரி பள்ளிக்கூட டீச்சர். அடுப்படியிலிருந்த பூசணிக்காயைத் தூக்கி வந்து, எதிரெதிர்ப் பக்கத்தில், நடுவுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு சாக்பீஸ் புள்ளி வைத்து, ஒரு நூலையும் நீட்டினாள்.

"மாமா, பூமி இப்படி உருண்டை, காம்புப் பக்கம் வடக்கு; இந்தப் புள்ளி டெல்லி, அந்தப் புள்ளி டொரண்டோ. இந்தத் தோலச் சீவித் தட்டையா விரிச்சா கிழியும்ல? கிழியாம இருக்க இழுத்து விட்டதுதேன் மேப்பு. அதான் மேல இருக்குற நாடெல்லாம் அகண்டு தெரியுது, வழியும் வளஞ்சு தெரியுது. ரெண்டு புள்ளிக்கும் நூலப் புடிச்சு இழுத்துப் பாருங்க."

முத்துக்கருப்பன் நூலைப் பக்கவாட்டில் சுற்றிப் பிடித்து விறைப்பாக இழுத்தார். நூல் வழுக்கிக் காம்புப் பக்கம் ஏறியது. நம்பாமல் கீழே இறக்கி மறுபடி இழுத்தார். மறுபடியும் ஏறியது. மிச்ச நூல் கையில் தொங்கியது.

"அட! இதுதேன் குறுக்குவழியா?" மனிதருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அப்ப வெவரமான டிரைவருதேன்."

பாண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். செல்போனில் விமானம் இன்னும் பனிமேல்தான் இருந்தது. அக்கம்மாள் குழம்பு வைக்க அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்து, காய்க்குக் கை நீட்டினாள்.

முத்துக்கருப்பன் பூசணிக்காயை மடியில் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"பிள்ளை எறங்கட்டும்."