பூட்டுக்காரர் வகுப்புக்குப் போனார்

மாடிப்படிக்கு அடியில், ஒரே ஒரு ஆள் உட்காரும் இடத்தில் கடை வைத்திருந்த பூட்டுக்காரருக்கு, மகள் ஒன்பதாம் வகுப்பில் எடுத்த பாடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சமயம், தத்துவம், அறம் மூன்றும் சேர்ந்த ஒரே பாடம்.

"இதைப் படிச்சு எந்தப் பூட்டைத் திறக்கப் போறா?" என்று சண்டை போடப் பள்ளிக்கே போய்விட்டார்.

பாடம் நடத்தும் டீச்சர் அசரவில்லை. "மணி அடிச்சாச்சு. கடைசி பெஞ்சுல உக்காருங்க. பீரியட் முடிஞ்சதும் சண்டை போடலாம்" என்றார். மகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் அன்றைய பாடம். டீச்சர் பூட்டுக்காரரையும் விடவில்லை.

"வீடு பூட்டிக்கிச்சு, திறந்து விடுங்கன்னு ஒருத்தர் வர்றார். அது அவர் வீடுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுங்க."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "திருடன் மூஞ்சி எப்படி அங்கிள் இருக்கும்?"

பூட்டுக்காரருக்குப் பத்தொன்பது வருடமாகத் திறந்துவிட்ட கதவுகளெல்லாம் கண் முன்னே வரிசைகட்டி நின்றன. சண்டையை மறந்து வீடு திரும்பினார்.

மறுநாளிலிருந்து தொழில் படுத்துவிட்டது. ஒரு பல் டாக்டர் தன் வீடுதான் என்பதற்கு அத்தாட்சியாகக் கல்யாண போட்டோவைக் காட்டினார். "இதுல நீங்க இருக்கீங்க, சரி. வீடு எங்க இருக்கு?" என்றார் பூட்டுக்காரர். டாக்டர் ஜன்னலை உடைத்து உள்ளே போனார்.

"படிக்கறது அவ, பித்தம் தலைக்கேறினது உங்களுக்கா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மீசைக்காரர் ஒருவர் அவரைக் கூட்டிப்போய் ஒரு கதவைக் காட்டினார்.

"உங்க வீடா?"

"ஆமா."

"எப்படிச் சொல்றீங்க?"

இரண்டு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் மீசைக்காரர் உடைந்துபோனார். "எங்கண்ணன் வீடுங்க. எங்கப்பா நாற்காலி உள்ள இருக்கு. கேட்டா தரமாட்டேங்கறான். அதான் எடுத்துட்டுப் போகலாம்னு..."

"அப்பா நாற்காலி யாருக்குச் சொந்தம்? பெரியவனுக்கா, ஆசைப்படறவனுக்கா?" என்று பூட்டுக்காரர் யோசனையில் ஆழ்ந்தபோது அண்ணனே வந்துவிட்டார். திட்ட வாயெடுத்தவர், கேள்வி காதில் விழுந்ததும், "அப்பா யாரை உக்காரச் சொன்னாரோ அவனுக்கு" என்று தானும் படியில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் சட்டைப்பையைத் தடவினார். சாவி வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

பூட்டுக்காரர் கம்பியைக் கையில் எடுக்கவில்லை. "இது உங்க வீடுதான்னு..."

"அவன் வீடுதாங்க! நான் சாட்சி!" என்று கத்தினார் தம்பி.

திருட வந்தவன் தனக்கு எதிராகவே சொல்லும் சாட்சி என்பதால் பூட்டுக்காரர் நம்பினார். கதவு திறந்தது. அண்ணன், "அப்பா உன்னைத்தானே உக்காரச் சொல்வாரு" என்று நாற்காலியைத் தானே தூக்கி வந்து வைத்தார். தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா? என் வீட்ல வைக்க இடமில்லண்ணே" என்றார்.

இந்தச் செய்தி பரவியதும் பூட்டே இல்லாத விவகாரத்துக்கெல்லாம் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போன வாரம் ஒரு மாமியாரும் மருமகளும் ஆள் அனுப்பியிருந்தார்கள். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார்.